கார்னெட் மென்மையானது என்று யார் சொன்னது?

ஏற்கெனவே ஒரு வாத்தியம் கைவசம் இருக்கிறவர்கள் இரண்டாவதாக ஒரு பித்தளை வாத்தியம் எடுக்க நினைத்தால், சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள்: கார்னெட்டா, டிரம்பெட்டா? நானும் முட்டிக்கொண்டவன்தான். பதினைந்து வருஷமாகக் கீபோர்டு. விரலுக்கு வேலை இருக்கிறது, மூச்சுக்கு வேலை இல்லையே என்ற குறை ரொம்ப நாளாக உண்டு. கேட்ட இடத்திலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான். "டிரம்பெட் பளிச்சுனு இருக்கும், கார்னெட் மென்மையா இருக்கும், உங்களுக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கோங்க." கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், பாடப்புத்தகத்து முன்னுரையும் இதைத்தான் சொல்கிறது.

இந்தப் பதிலில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பிப் பணத்தைப் போட்டு, அதற்கு மேல் பல வருஷ சாதகத்தையும் போடுவதற்கு முன்னால், பளிச், மென்மை என்ற இரண்டு சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாவது வாத்தியத்துக்கு ஒருநாளைக்கு அரைமணி கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த அரைமணியை எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டாமா?

முதலில் இரண்டுக்கும் பொதுவானது. பரவலாகப் புழங்கும் கார்னெட்டும் டிரம்பெட்டும் ஒரே பி-ஃபிளாட் சுருதிதான். குழாயைப் பிரித்து நீட்டினால் இரண்டும் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரே நீளம் வரும். அதே மூன்று வால்வு, அதே விரலடைவு, அதே குறிப்பெழுத்து. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளில்கூட இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று தெரிந்தவர் மற்றதை வாங்கி அன்று சாயங்காலமே பாட்டு வாசித்துவிடலாம். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

வித்தியாசம் மூன்று இடத்தில். கார்னெட்டின் குழாய் இன்னும் நெருக்கமாகச் சுருட்டப்பட்டது, அதனால் பார்க்கக் குட்டையாக இருக்கும். இது கண்ணுக்கான வித்தியாசம், காதுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. (கை குட்டையான பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ளச் சுலபம் என்பது மட்டும் உண்மை.) இரண்டாவது, கார்னெட்டின் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகிறது, டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் போய், கடைசியில் புனலாக விரிகிறது. மூன்றாவது மவுத்பீஸ். கார்னெட்டுக்கு ஆழமான, அடியில் குறுகிப்போகும் கிண்ணம். டிரம்பெட்டுக்கு அதைவிட ஆழம் குறைந்தது.

"கார்னெட் கூம்பு, டிரம்பெட் உருளை" என்று பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிடுவார்கள். அவ்வளவு சுத்தமாக இல்லை. டிரம்பெட்டில் மவுத்பீஸ் செருகும் குழாய்கூடக் கொஞ்சம் கூம்புதான். கார்னெட்டில் வால்வுப் பகுதி உருளைதான், வேறு வழியில்லை. இருந்தாலும் இந்த விரிவு ஒரு வேலை செய்கிறது, அது எந்த நேரத்தில் என்பதுதான் சுவாரசியம். பலமாக ஊதும்போது குழாய்க்குள் போகும் ஒலியலையின் முன்முகம் போகப்போகச் செங்குத்தாகிறது. அந்தச் செங்குத்துதான் நமக்கு "பளிச்" என்று, உலோகம் கிழிகிற மாதிரி கேட்கிறது. குழாய் விரிந்துகொண்டே போனால் அழுத்தம் பரவிக் குறைந்துவிடும், அலை அவ்வளவு செங்குத்தாவதில்லை. அப்படியென்றால் கார்னெட்டின் மென்மை பலமாக ஊதும்போதுதான் முக்கியமாகத் தெரியும். மெல்ல ஊதினால் இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. மென்மை வேண்டும் என்பதற்காகவே கார்னெட் வாங்கி வீட்டில் அடக்கி வாசிக்கப்போகிறவருக்கு இது யாரும் சொல்லாத செய்தி. டிரம்பெட்டையே அடக்கி வாசித்திருக்கலாமே!

இனி வரலாறு. எனக்கு இந்த மொத்த விஷயத்தையும் தலைகீழாகப் புரட்டிப்போட்டது இதுதான்.

பெர்லியோஸ் 1830இல் 'சிம்ஃபோனி ஃபான்டாஸ்டிக்' எழுதும்போது இரண்டு டிரம்பெட்டும் இரண்டு கார்னெட்டும் கேட்டார். அன்றைய டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது. இயற்கையாக வரும் ஹார்மோனிக் சுரங்களை மட்டும்தான் வாசிக்க முடியும். கார்னெட்டோ தபால் வண்டிக் கொம்பின் வம்சத்தில் வந்து, வால்வு பொருத்திக்கொண்ட புது வரவு. எல்லாச் சுரமும் வாசிக்கும். அதனால் பாரிஸ் ஆர்க்கெஸ்ட்ராக்களில் சட்டென்று இடம் பிடித்தது. அதே பெர்லியோஸ் 1840களில் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா நூலில் கார்னெட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயலினில் கேட்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மெட்டு, கார்னெட்டின் குத்தலான, அடாவடியான ஒலியில் தாங்க முடியாத மட்டமாகிவிடும் என்கிறார். கண்ணியம் டிரம்பெட்டுக்கு, தெருக்கூச்சல் கார்னெட்டுக்கு!

இன்றைக்குச் சொல்வதற்கு நேர் எதிர். பெர்லியோஸுக்குக் காது சரியில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட டிரம்பெட் வேறு. அன்றைய எஃப் சுருதி டிரம்பெட் ஆறடி நீளம், டி சுருதியில் ஏழடி. நீளக் குழாய், நிதானமான கனத்த நாதம். அதன் பக்கத்தில் நாலரை அடிக் கார்னெட் சுறுசுறுப்பான துடுக்குப் பிள்ளையாகத்தான் கேட்டிருக்கும். பிற்பாடு டிரம்பெட்டும் வால்வு பொருத்திக்கொண்டு, ஆறடியிலிருந்து இறங்கி, அதே நாலரை அடிக்கு வந்து சேர்ந்தது. டிரம்பெட்டிடம் கார்னெட் தோற்றது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ டிரம்பெட்தான் கார்னெட்டின் உடம்புக்குள் குடிபுகுந்தது என்று படுகிறது. இன்று நாம் கையில் எடுக்கும் பி-ஃபிளாட் டிரம்பெட்டுக்கு பாஹ் காலத்து டிரம்பெட் பெயரளவில் பாட்டன். சுபாவத்தில் நெருங்கிய உறவு கார்னெட்தான்.

இதற்குச் சாட்சி டிரம்பெட் மாணவர்களின் மேஜையிலேயே இருக்கிறது. அவர்கள் வேதமாகப் படிக்கும் அர்பான் பயிற்சி நூல் 1864இல் வந்தது. ழான் பாப்டிஸ்ட் அர்பான் பாரிஸ் கன்சர்வேட்டரியில் கார்னெட் பேராசிரியராக இருந்தவர். நூலும் கார்னெட்டுக்காக எழுதியது. அடுத்தபடியாக எல்லாரும் உருப்போடும் 'டெக்னிக்கல் ஸ்டடீஸ்' எழுதிய ஹெர்பர்ட் எல். கிளார்க், சூசாவின் இசைக்குழுவில் கார்னெட் தனிவாசிப்பாளர். டிரம்பெட் கற்கிற பிள்ளை தினமும் கார்னெட் பாடத்தைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறது.

கிளார்க் பற்றி ஒரு கதை உண்டு, சொல்லாமல் போக மனசில்லை. 1921 ஜனவரியில் எல்டன் பெஞ்ச் என்ற இளைஞர், கார்னெட்டை விட்டு டிரம்பெட்டுக்கு மாறலாமா என்று அவரிடம் யோசனை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று கிளார்க் பதில் எழுதினார். டிரம்பெட் ஒரு வெளிநாட்டு மோகம், பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் சத்தம் கூட்டத்தான் லாயக்கு, அதில் ஒரு பாட்டுக்கூட ஒழுங்காக வராது. கூடவே ஜாஸ் என்ற சனியனோடு சேர்ந்து முளைத்த பழக்கம் என்று ஒரு வசவும். பெஞ்ச் கேட்கவில்லை. சிகாகோ சிம்ஃபனியின் முதல் டிரம்பெட்காரர் ஆனார். பிறகு தன் பெயரிலேயே டிரம்பெட் தயாரிக்கவும் தொடங்கினார். பெஞ்ச் டிரம்பெட் இன்றும் மதிப்புள்ள பெயர். இந்தக் கடிதத்தைப் பழமைவாதக் கோமாளித்தனத்துக்கு உதாரணமாகக் காட்டிச் சிரிப்பார்கள். நான் முழுக்கச் சிரிக்க மாட்டேன். கார்னெட்டில் பாட்டு வரும், டிரம்பெட்டில் ஆணைதான் வரும் என்ற அவருடைய உள்ளுணர்வு அந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி ஏதோ சொல்கிறது. கெட்டது எதில் என்றால், அதை வாத்தியத்தின் பிறவிக்குணம் என்று நினைத்ததில்.

பிறவிக்குணம் இல்லை என்பதற்கு அந்த ஜாஸ் சனியனையே கூப்பிடலாம்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் சிகாகோ வந்து கிங் ஆலிவர் குழுவில் சேர்ந்தது இரண்டாவது கார்னெட்டாக. 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனெட் நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்த தட்டுகளைக் கேட்டுப்பாருங்கள். மைக் இல்லாத காலம். ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் எல்லாரும் நின்று ஊதவேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் சத்தம் ஆலிவரை மூழ்கடித்ததால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் (பிற்பாடு திருமதி ஆர்ம்ஸ்ட்ராங்) சொன்ன கதை பிரபலம். இருந்தும், இரண்டு கார்னெட்டும் சேர்ந்து பாயும் இடங்களில் எது யார் என்று பிரித்துச் சொல்ல எனக்குப் பலமுறை கேட்கவேண்டி இருந்தது. கார்னெட்டின் உண்மையான பலம் இது என்று நினைக்கிறேன்: இன்னொரு கார்னெட்டோடு கரைவது. நாகஸ்வரத்தில் இரட்டை நாயனம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்.

பிறகு ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட்டுக்கு மாறினார். ஏன்? பளிச்சென்ற நாதத்துக்காக, உச்ச சுரங்களுக்காக என்று விளக்கம் எழுதாத புத்தகம் குறைவு. அவரே பிற்பாடு சொன்ன காரணம் எளிமையானது. 1925இல் நியூயார்க்கிலிருந்து திரும்பி, சிகாகோவின் வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். அங்கே பக்கத்தில் இருந்தவர் கையில் நீள டிரம்பெட். இவர் கையில் குட்டைக் கார்னெட். பார்க்க நன்றாக இல்லை, நீயும் டிரம்பெட் எடு என்றார்களாம். ஜாஸ் வரலாற்றின் திருப்புமுனைக்குக் காரணம் கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே கலரில் சேலை எடுக்கிற சமாச்சாரம்!

சரி, நாதத்தில் மாற்றமே இல்லையா? 1928 ஜூனில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தில் துணையில்லாமல் தனியாக அவர் ஊதும் 10, 12 விநாடி டிரம்பெட்டின் வெற்றிக்கொடியாகக் காட்டப்படுகிறது. (பாட்டை எழுதியவர் கிங் ஆலிவர்; குருவின் பாட்டைச் சிஷ்யன் எங்கே கொண்டுபோய் வைத்தான் பாருங்கள்.) அதைக் கேட்டு அசந்த கையோடு, 1926 பிப்ரவரியில் பதிவான 'கார்னெட் சாப் சூயி' கேளுங்கள். பெயரிலேயே கார்னெட். அதே துள்ளல், அதே வெட்டு, அதே பளபளப்பு. இதற்கு ஒரு வருஷம் கழித்து, 1927 பிப்ரவரியில், பிக்ஸ் பைடர்பெக் 'சிங்கின் தி ப்ளூஸ்' வாசித்தார். அதுவும் கார்னெட். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உருண்டு, எதையும் நிரூபிக்க அவசரப்படாமல் இறங்கும். இந்த இரண்டு தட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட பிறகு "கார்னெட் நாதம் இப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் எப்படி வாய் திறக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டுக்கும் பிக்ஸின் கார்னெட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம், ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டுக்கும் அவருடைய டிரம்பெட்டுக்கும் நடுவில் இருப்பதைவிட அதிகம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. நாட் ஆடர்லி டிரம்பெட்டில் தொடங்கிக் கார்னெட்டுக்கு வந்தவர். 1960இன் 'வொர்க் சாங்' அவருடையது. அதில் மென்மையைத் தேடினால் ஏமாறுவீர்கள். கரகரப்பும் குத்தலும்தான். ரெக்ஸ் ஸ்டூவர்ட் எலிங்டன் குழுவில் டிரம்பெட்காரர்கள் நடுவே கார்னெட்டோடு உட்கார்ந்து, வால்வைப் பாதி அமுக்கி நாதத்தை நசுக்கி நெளித்து வித்தை காட்டினார். கார்னெட்டைத் தேர்ந்தெடுத்த இவர்கள் யாரும் சாதுவான ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் எதை வாங்கினால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. தேர்வு யாரோடு வாசிக்கப்போகிறோம் என்பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் டிரம்பெட்டுக்கு இடமே கிடையாது. ஒன்பது பி-ஃபிளாட் கார்னெட், ஒரு ஈ-ஃபிளாட் சொப்ரானோ கார்னெட், அதற்குக் கீழே ஹார்ன், யூஃபோனியம், டியூபா என்று மொத்தக் குடும்பமும் கலந்து ஒலிப்பதற்காகக் கட்டியது. யார்க்ஷயரின் பிளாக் டைக் குழுவைக் கேளுங்கள். கார்னெட் ஒன்று தனியாகப் பாடும்போது மற்றவை அதற்குக் கீழே பாய் விரிக்கிற மாதிரி இருக்கும். அங்கே ஒரு டிரம்பெட் நுழைந்தால் தயிர்சாதத்தில் மிளகாய்ப்பொடி. மாறாக, பெரிய ஜாஸ் பேண்ட், ஆர்க்கெஸ்ட்ரா, சினிமாப் பாட்டு மேடை, எல்லாமே டிரம்பெட் ராஜ்ஜியம். கார்னெட்டைக் கொண்டுபோனால் தடை சொல்ல மாட்டார்கள், ஆனால் பக்கத்து நாற்காலியோடு ஒட்டுவதற்கு நீங்கள்தான் பாடுபட வேண்டும். நம்மூர் கல்யாண பேண்டு செட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே முன்வரிசையில் நிற்கிற வாத்தியத்துக்குப் பெயர் டிரம்பெட், அவ்வளவுதான்.

ஆர்க்கெஸ்ட்ராவில் கார்னெட்டுக்கென்று எழுதிய இடங்களும் மெல்ல டிரம்பெட் கைக்குப் போய்விட்டன. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெட்ருஷ்கா'வில் பாலே பொம்மை ஆடும் இடம் 1911 பிரதியில் கார்னெட்டுக்கானது. 1947இல் அவரே திருத்தியபோது டிரம்பெட்டாக்கினார். இரண்டு பிரதிகளின் பதிவுகளையும் கேட்டதில், கார்னெட்டில் அந்த நடனம் எனக்குக் கொஞ்சம் சந்தைக்கடைத்தனமாக, பொம்மைக்குப் பொருத்தமாகப் படுகிறது. டிரம்பெட்டில் சுத்தம் கூடுகிறது, பொம்மை காணாமல் போகிறது.

கடைசியாக, இரண்டாவது வாத்தியம் என்ற கோணம். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சுரம் வரும். சுருதி எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருக்கும். பித்தளையில் வால்வு எதையும் அமுக்காமலே ஸ, ப, மேல் ஸ, அதற்கு மேல் க, ப என்று வரிசையாக இருக்கிறது. எது வரும் என்பதை உதடும் மூச்சும்தான் தீர்மானிக்கும், அதற்கும் முன்னால் மனசுக்குள் அந்தச் சுரம் கேட்டாக வேண்டும். இந்தக் கஷ்டம் இரண்டு வாத்தியத்திலும் அச்சு அசல் ஒன்றே. "தொடங்குகிறவருக்குக் கார்னெட் சுலபம்" என்று சொல்கிறவர்கள் உதட்டை மறந்துவிட்டுக் கையை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். முதலும் மூன்றும் சேர்த்து அமுக்கினால் சுருதி ஏறிப்போவதும், மூன்றாவது ஸ்லைடை நீட்டிச் சரிசெய்வதும்கூட இரண்டிலும் உண்டு. எதை எடுத்தாலும் ஆறு மாசம் வீட்டார் பொறுமை தேவை.

நான் கார்னெட் எடுத்தேன். எனக்கு எந்தக் குழுவும் காத்திருக்கவில்லை. வீட்டில் தனியாக, எப்போதாவது கிளாரினெட் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு. பலமாக ஊதவேண்டிய இடத்தில் தயங்காமல் ஊத ஆசை, ஊதினால் கிழியக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி அதற்குக் கார்னெட் பொருந்துகிறது. ஆசிரியர் டிரம்பெட்காரர், அதனால் எந்த நஷ்டமும் இல்லை, பாடம் அர்பான்தானே. சர்ச் குழுவிலோ கல்லூரி பேண்டிலோ உட்காரும் எண்ணம் இருந்திருந்தால் யோசிக்காமல் டிரம்பெட் வாங்கியிருப்பேன்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. கார்னெட்டின் மவுத்பீஸ் செருகும் காம்பு ஒல்லியானது, டிரம்பெட் மவுத்பீஸ் அதில் உட்காராது. உட்காரவைக்க ஓர் இடைக்குழாய் விற்கிறார்கள். கார்னெட் காம்பும் டிரம்பெட் மாதிரி ஆழம் குறைந்த கிண்ணமும் உள்ள மவுத்பீஸும் விற்கிறார்கள். பழைய கார்னெட்டோடு பல சமயம் இந்த இரண்டில் ஒன்றுதான் கூட வரும். அதை மாட்டி ஊதிப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடையிலேயே ஆழமான கிண்ணம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரே நீள சுரத்தை மெல்லத் தொடங்கி முழு பலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பக்கத்தில் ஒரு டிரம்பெட்டையும் வைத்து இதையே செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.